சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வைத்த நேரம்

மூன்று வயது முடிந்தும் எங்கள் மகனுக்குப் பேச்சு வரவில்லை. சென்னையில் இருக்கும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் வீடியோவில் காட்டுவதற்காக மாதக்கணக்கில் காத்திருந்தோம். கிடைத்தது ஒரு வியாழக்கிழமை பதினோரு மணி. தவறவிட்டால் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும்.

போன் வேண்டாம், பையன் பிடுங்கி விளையாடுவான், கம்ப்யூட்டரில் உட்காருங்கள் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் ஒரு வாரம் முன்னதாகவே என் கல்லூரிக் கால லேப்டாப்பை பீரோவிலிருந்து எடுத்துத் துடைத்து, சார்ஜ் போட்டு வைத்தேன். அது ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டியது. தேதியையும் நேரத்தையும் கையால் மாற்றினேன். கேமராவைக்கூடச் சோதித்துவிட்டேன். எந்த ஆப் வேண்டும் என்பது மட்டும் அந்த வியாழக்கிழமை காலைதான் செய்தியில் வந்தது.

ஆப் ஸ்டோரை அழுத்தினேன். வெள்ளையாக ஒரு ஜன்னல் வந்தது, வட்டம் சுற்றியது, மூடிக்கொண்டது. மறுபடியும் அதேதான். வைஃபையை அணைத்துப் போட்டேன். லேப்டாப்பையே அணைத்துப் போட்டேன். அது மெதுவாக விழித்துக்கொள்ளும் வரை தெருவில் ஒத்தக்கடை போகும் பஸ்களின் ஹாரனைக் கேட்டுக்கொண்டு நின்றேன். மகன் தரையில் துணிக் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

கணவர் உசிலம்பட்டியில் பள்ளி ஆசிரியர். வகுப்புக்கு வெளியே வந்து போனை எடுத்தார்.

"ஏங்க, தொறக்கவே மாட்டேங்குது."

"ஸ்டோர்ல உன் கணக்க விட்டு வெளிய வந்து, திரும்ப உள்ள போ."

வெளியே வந்தேன். திரும்ப உள்ளே விடவில்லை. முன்பாவது ஒரு ஜன்னல் வந்தது. இப்போது அதுவும் இல்லை. கேட்டிருக்கவே கூடாதோ, நானே பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது.

"தேதி, நேரம் சரியா இருக்கா பாரு. அது தப்பா இருந்தாலும் தொறக்காது."

லேப்டாப்பைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையே காட்டின.

"சரியாத்தான் இருக்கு. பதினொண்ணாயிருச்சுங்க. போச்சு."

"நல்லாப் பாத்தியா?"

"எனக்கு மணி பாக்கத் தெரியாதா? நீங்க கிளாசுக்குப் போங்க."

வைத்த உடனே போன் மறுபடியும் அடித்தது. பயிற்சியாளர். அவர் வாய் திறப்பதற்குள் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டேன். நேரமாகிவிட்டது தெரியும், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறது, தயவுசெய்து வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அம்மா, இன்னும் பதினொண்ணு ஆகலையே. ஞாபகப்படுத்தத்தான் கூப்பிட்டேன். இருபது நிமிஷம் இருக்கு."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் சுவர்க் கடிகாரம் இருபது நிமிடம் முந்தி ஓடும். தடுப்பூசிக்கும் டாக்டருக்கும் ஒருநாளும் தாமதமாகக் கூடாதென்று, மகன் பிறந்த புதிதில் நான் வைத்தது. "உன் ஊரு நேரம்" என்று கணவர் கேலி செய்வார். ஒரு வாரம் முன்பு லேப்டாப்புக்கு நேரம் வைத்ததும் அதே கடிகாரத்தைப் பார்த்துத்தான். அவர் சரிபார்க்கச் சொன்னபோது பார்த்ததும் அதையேதான்.

போனைப் பார்த்து நேரத்தை மாற்றினேன். கணக்கு உள்ளே விட்டது. ஸ்டோர் ஒன்றுமே நடக்காததுபோலத் திறந்தது. ஆப் இறங்கி முடிந்தபோதும் நேரம் மிச்சமிருந்தது. அதில் என்ன செய்வதென்று தெரியாமல் மகனுக்கு இரண்டு முறை முகம் கழுவிவிட்டேன்.

பதினோரு மணிக்குப் பயிற்சியாளர் திரையில் வந்தார். அவன் திரையைப் பார்க்கவில்லை. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதும் கிளிப்புகளைத்தான் பார்த்தான். நான் இடையிடையே, "சொல்லு கண்ணு, தண்ணி வேணுமா? ஆமா, தண்ணி வேணுமாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கேக்குறதும் நீங்க, பதில் சொல்றதும் நீங்களா இருக்கீங்கம்மா. கேட்டுட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். அடுத்த வாரமும் அதே நேரம் தருவதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அவன் என் கையைப் பிடித்து பிஸ்கட் டப்பாவிடம் இழுத்துப் போனான்.

"என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நாக்கு நுனிவரை பதில் வந்து நின்றது. அவன் டப்பாவைப் பார்த்தான். பிறகு, ஏன் இன்னும் சொல்லவில்லை என்பதுபோல நிமிர்ந்து என் வாயைப் பார்த்தான். அவன் உதடு லேசாக அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் டப்பாவின் மூடியில் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.