நடுங்கும் கால்கள்

மகள் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய குளிர்காலத்தில்தான் அந்த ஓணான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அவளுக்குப் பதினான்கு வயது. காலையில் சீருடை உடுத்துவாள், சப்பாத்தும் போடுவாள். பிறகு வாசற்கதவடியில் விறைத்து நின்றுவிடுவாள். என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. மனநல ஆலோசகரைப் பார்க்கக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தோம்.

கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் இருந்த கட்டடத்தின் மேல்மாடித் தம்பதி வீடு மாறிப் போனபோது, கொண்டுபோக இடமில்லை என்று கண்ணாடிப் பெட்டியோடு அதை எங்களிடம் தந்தார்கள். பியர்டெட் டிராகன் என்று பெயர் சொன்னார்கள். தாடையின் கீழே முள் முள்ளாகத் தாடி வைத்த ஓணான். இன்னும் குட்டி.

கணவருக்குப் பிடிக்கவில்லை. "இதை ஆர் பாக்கிறது? எனக்கும் ஷிப்ட், உமக்கும் ஷிப்ட்."

"நான் பாப்பன்" என்று அறைக்குள்ளிருந்து மகளின் குரல் வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவள் தானாக வாய் திறந்து வெகுகாலமாகியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் காலையில் ஓணானுக்காகவே எழும்பினாள். கண்ணாடிப் பெட்டியின் விளக்கைப் போட்டாள், கீரையைப் பொடியாக நறுக்கினாள், கடையில் வாங்கிய சில்வண்டுகளை இடுக்கியால் பிடித்துக் கொடுத்தாள். தப்பிய ஒன்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருந்து கத்திக்கொண்டே இருந்தது. அதைக்கூடக் கணவர் பொறுத்துக்கொண்டார்.

ஒருநாள் கூப்பிட்டாள். "அம்மா, இஞ்ச வாங்கோ. கால் நடுங்குது."

பின்னங்கால் விரல்கள் துடித்துக்கொண்டிருந்தன. வழக்கமாக ஏறும் கிளையில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தது. குளிராலாக்கும் என்று நினைத்தேன். சில நாளில் வலக்காலை இழுத்து இழுத்து நடந்தது. பிறகு சாப்பாட்டைத் தொடவில்லை.

மிருக வைத்தியரிடம் நானே கொண்டுபோகிறேன் என்றேன்.

"உங்களுக்கு அதைப் பற்றி ஒண்டும் தெரியாது. நானும் வாறன்."

சப்பாத்துப் பெட்டிக்குள் துவாய் விரித்து, சுடுநீர்ப் பை ஒன்றும் வைத்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கதவடியில் வழக்கம்போல நின்றாள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெளியே கால் வைத்தாள்.

பஸ்ஸில் பாதி வழியில் சீருடைப் பிள்ளைகள் சிலர் சிரித்தபடி ஏறினார்கள். அவளுடைய பள்ளிக்கூடம் இல்லை. ஆனாலும் தொப்பியை இழுத்து முகத்தை மூடினாள். "இறங்குவம் அம்மா" என்றாள். மீதித் தூரத்தை மழைத் தூறலில் நடந்தோம்.

வைத்தியர் இளம் பெண். காலையும் தாடையையும் மெல்ல அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். திரையில் எலும்புகள் இருக்கின்றனவா இல்லையா என்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. பெட்டியின் விளக்கு எரிந்தாலும், எலும்புக்குத் தேவையான கண்ணுக்குத் தெரியாத கதிர் அதில் எப்போதோ தீர்ந்துபோயிருக்கும் என்றார். எங்களிடம் வருவதற்கு முன்பே வலக்கால் முறிந்து கோணலாக ஒட்டியிருக்கிறது. அது இனி நிமிராது.

மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்: அதற்கு வலிக்குமா?

"வலிக்கும்" என்றார் வைத்தியர். "ஆனால் இவை காட்டிக்கொள்ளாது. நமக்குத் தெரிய வரும்போது வெகுநாளாக வலித்திருக்கும்."

மகள் அழத் தொடங்கினாள். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. அவளைத் தொடலாமா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

புது விளக்குப் போட்டோம். கிளைகளை எடுத்துவிட்டு ஏற வேண்டாத தட்டையான கற்களை வைத்தாள். ஊசியில்லாத சிரிஞ்சால் கல்சியம் மருந்தை அதன் வாய் ஓரத்தில் சொட்டு சொட்டாக விடுவாள். நான் அதன் உடம்பைப் பிடித்துக்கொள்வேன். நடுக்கம் மெல்லக் குறைந்தது. மறுபடி சாப்பிட்டது. வலக்கால் மட்டும் இழுபட்டுக்கொண்டே வந்தது.

அப்படி மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"வகுப்பில ஒருத்தரும் என்னோட கதைக்கிறேல்லை அம்மா. பக்கத்தில போனா எழும்பிப் போயிடுவினம். ஒரு வருசமா."

"ஏனம்மா எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் ரெண்டு பேரும் களைச்சுப்போய் வருவியள்."

அடுத்த சொட்டை விட்டாள். பிறகு அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவேயில்லை. உள்ளூர் கவுன்சில் அனுப்பிய ஆசிரியை வீட்டுக்கு வந்து படிப்பித்தார்.

அவள் மனம் திறந்த அன்றிரவு, கணவர் வேலையால் வந்ததும் குசினியில் வைத்து அதைச் சொன்னேன். ஜாக்கெட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். தேத்தண்ணி ஊற்றி முன்னால் வைத்தேன்.

"ஒரு வருசமோ?" என்றார்.

"ஓம்."

தேத்தண்ணியை அவர் தொடவில்லை.