மாடிக்கும் நிறம் கொடுத்த வசந்தா டீச்சர்

மதிய இடைவேளையில் டப்பாவைத் திறந்து முதல் வாய் வைத்தபோது போன் வந்தது. செம்பூரிலிருந்து வசந்தா டீச்சரின் தம்பி மகள். "அங்கிள், அத்தை போயிட்டா. கார்த்தால காபி குடிச்சா, பேப்பர் படிச்சா, சித்த படுத்துக்கறேன்னா. அப்பறம் எழுந்துக்கவே இல்லை" என்றாள். வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். என்ன செய்வதென்று தெரியாமல் டப்பாவில் இருந்த தயிர்சாதம் முழுவதையும் தின்று முடித்தேன். ஸ்டாஃப் ரூமில் எனக்கு எதிரே, டீச்சர் பல வருஷம் உட்கார்ந்த நாற்காலியில் யாரோ பரீட்சைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

தாராவியில் உள்ள எங்கள் தமிழ்வழிப் பள்ளியில் அவர் பூகோளம் எடுத்தார், நான் கணக்கு. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம் அவருடையது. திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு செம்பூரில் இருந்தார். நானோ தாராவியிலேயே வளர்ந்த திருநெல்வேலிக்காரன். அவர் வேலையில் சேர்ந்த அன்று, "மாட்டுங்கா அம்மாள் ஒரு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டு மாற்றல் வாங்கிப் போய்விடுவார்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். ஓய்வு பெறும்வரை அவர் எங்கேயும் போகவில்லை.

எங்களுக்குள் முதல் சண்டை மழையால் வந்தது. ஜூலை மாதம், நல்ல மழை. நான் வகுப்புக்குள் போனால் ஒரு பிள்ளையையும் காணோம். எல்லோரும் முதல் மாடி வராந்தாவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே சந்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் எந்த வீட்டு வாசலில் திரும்புகிறது, எங்கே தேங்குகிறது, எது மேடு, எது பள்ளம் என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்கள். இது என் பீரியட் என்றேன். "சார், உங்க கணக்கு நாளைக்கும் இருக்கும். மழை இருக்குமோ என்னவோ" என்றார். பம்பாயில் ஜூலை மாதம் மறுநாள் மழை இருக்காதாம்! வாக்குவாதம் தலைமை ஆசிரியர் வரைக்கும் போனது. ஆனாலும் சொல்ல வேண்டும், சமஉயரக் கோடு என்றால் என்னவென்று அந்த வகுப்பில் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மக்கள் இடப்பெயர்ச்சி என்று ஒரு பாடம் உண்டு. ஜனங்கள் ஏன் ஊர் விட்டு ஊர் போகிறார்கள் என்பதற்குப் புத்தகத்தில் வரிசையாகக் காரணங்கள் போட்டிருக்கும். டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, உங்கள் வீட்டில் முதலில் பம்பாய்க்கு வந்தது யார், ஏன் வந்தார் என்று கேட்டு வரச் சொன்னார். மறுநாள் ஒரு பையன் எழுந்து, "எங்க தாத்தா அண்ணன்கூடச் சண்டை போட்டுட்டு ரயில் ஏறிட்டாரு டீச்சர்" என்றான். வகுப்பே சிரித்தது. "இதுல சிரிக்க என்ன இருக்கு? இதுவும் ஒரு காரணந்தான். எழுதிக்கோ" என்றார். கிண்டலே கிடையாது அவரிடம். பிள்ளைகள் எதைச் சொன்னாலும் அது பாடத்தில் சேர வேண்டியதுதான் என்று நம்பினார். அந்த நம்பிக்கைதான் பிறகு எல்லோரையும் பிடித்து ஆட்டியது.

ஒன்பதாம் வகுப்புக்கு நிலப் பயன்பாட்டு வரைபடம் என்று ஒரு செய்முறை வேலை இருக்கிறது. வயலுக்குப் பச்சை, ஆற்றுக்கு நீலம் என்று புத்தகத்தைப் பார்த்துத் தீட்டிக் கொடுத்தால் மதிப்பெண் வந்துவிடும். தாராவியில் வயலுக்கு எங்கே போவது? பள்ளிக்குப் பின்னால் உள்ள சந்துத் தெருவையே வரையச் சொன்னார் டீச்சர். தோல் பட்டறைக்கு ஒரு நிறம், இட்லிக் கடைக்கு ஒரு நிறம், தையல் கூடத்துக்கு ஒரு நிறம், குடியிருப்புக்கு ஒரு நிறம். பிள்ளைகள் கீழ்த்தளத்தை மட்டும் தீட்டிக்கொண்டு வந்தார்கள். "மாடியை ஏன் விட்டுட்டேள்? மேல மனுஷா இல்லையா? மனுஷா இருக்கற இடத்தை வெள்ளையா விடப்படாது" என்று திருப்பி அனுப்பினார்.

மறுபடி போனார்கள். ஒவ்வொரு வீட்டு மாடியையும் தனிக் கட்டமாக வரைந்து, சொந்தமா வாடகையா, எத்தனை பேர் என்று குறித்தார்கள். செல்வி என்ற பெண் இரும்பு ஏணி வைத்து ஏறும் ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். தன் வீட்டை மட்டும் அளவுக்கு மீறிப் பெரிதாக வரைந்து, பளீரென்று ஆரஞ்சு அடித்து, ஏணியையும் வரைந்து, 'வாடகை, ஐந்து பேர்' என்று எழுதியிருந்தாள். ஸ்கேல் தப்பு என்று நான் சொன்னேன். "தப்புத்தான், இருக்கட்டும்" என்றார் டீச்சர். பெற்றோர் தினத்தன்று அந்தப் பெரிய சார்ட் பள்ளி வாசலில் தொங்கியது. எல்லோரும் அதைப் போனில் படம் எடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில் சந்து சந்தாக வீட்டுக் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. இடித்துக் கட்டப் போகிறார்கள், யாருக்கு வீடு உண்டு, யாருக்கு இல்லை என்று எங்கே போனாலும் அதே பேச்சு. மாடியும் தன் குடும்பத்தின் உபயோகத்தில்தான் இருக்கிறது என்று செல்வி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். மாடியில் வாடகைக்கு ஆள் இருப்பது சார்ட்டில் தெரிந்தால் தன் வீடே போய்விடும் என்று பயந்தார். அவரும் பாவம், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், அவருக்கும் இருந்தது அந்த ஒரே வீடு. ஒரு வாரத்தில் மாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

மறுநாள் செல்வியின் அம்மா பேச்சியம்மாள் ஸ்டாஃப் ரூமுக்குள்ளேயே வந்து நின்றாள். "என்ன டீச்சர் இப்படிப் பண்ணிட்டிய? எங்க வீட்டுக்குக் கலர் அடிக்கச் சொல்லி ஒங்கள்ட்ட யாரு கேட்டா? நாங்க பாட்டுக்குச் சத்தம் காட்டாம கெடந்தோம். இப்ப வீட்டுக்காரன் காலி கரோங்கான். பொம்பளப் புள்ளய வச்சிக்கிட்டு எங்க போவேன்?" டீச்சர் எழுந்து நின்றார். வாதாடவில்லை. "என்ன பண்ணணும் சொல்லுங்கோ" என்றார். "அதக் கிழிங்க மொதல்ல" என்றாள் பேச்சியம்மாள். டீச்சர் வாசலுக்குப் போய் சார்ட்டை இறக்கி, அவள் கண்முன்னாலேயே நான்காகக் கிழித்தார். செல்வி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிழித்து என்ன பயன்? படம் எத்தனையோ போனில் போய்விட்டது என்று வீட்டுக்காரர் அடித்துச் சொன்னார். டீச்சரோடு நானும் போய்க் கெஞ்சினேன், அவர் மசியவில்லை. பேச்சியம்மாள் குடும்பம் மான்குர்துக்குப் போனது. செல்வி அங்கிருந்து குர்லா வந்து வண்டி மாறி, சயானில் இறங்கிப் பள்ளிக்கு வந்தாள். பத்தாவது முடிக்கும்வரை ரயில் பாஸை டீச்சர்தான் எடுத்துக் கொடுத்தார். பேச்சியம்மாள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

மறுவருஷம் பூகோளத்துக்கு வயலும் ஆறும் வரையச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள் என்று நான் சொன்னேன். கேட்கவில்லை. அதே சந்துத் தெருவைத்தான் கொடுத்தார். ஆனால் இந்த முறை, "ஒவ்வொரு வீட்டுலயும் வரையலாமான்னு கேளுங்கோ. வேண்டாம்னா வெள்ளையா விட்டுடுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். சார்ட் வந்தது. மாடிகள் முக்கால்வாசி வெள்ளை. பள்ளி விட்ட பிறகும் அவர் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். "சார், இப்போ இது நிஜமா, பொய்யா?" என்று கேட்டார். யாருக்கும் கெடுதல் இல்லாத சார்ட் என்றேன். "நான் அதைக் கேக்கலையே" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எனக்கு அப்போது அவர்மேல் கோபமாக வந்தது. இன்றைக்கும் அது முழுவதுமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு குடும்பம் தெருவுக்கு வந்தபிறகும் நிஜம், பொய் என்று ஒருவருக்கு எப்படித் தோன்றுகிறது? அதே சமயம், அந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் பள்ளியில் இன்னொருவர் இருந்ததில்லை என்பதும் உண்மை.

செம்பூர் வீட்டு ஹாலில் டீச்சரைக் கிடத்தியிருந்தார்கள். பழைய மாணவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவே பேச்சியம்மாளும் செல்வியும் வந்தார்கள். செல்வி இப்போது காட்கோபரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். பேச்சியம்மாள் டீச்சரின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, என்னை வாசல் பக்கம் கூப்பிட்டாள். எதற்கோ தயங்குவது தெரிந்தது.

"சாரே, கேக்கப்பிடாது, இது கேக்குற நேரமும் இல்ல. மாடில இருந்தவங்களுக்கும் எங்கயோ வீடு குடுக்காங்களாம். இருந்ததுக்கு சபூத் கேக்கான். வாடகைச் சீட்டு ஒண்ணும் கெடையாது. வீட்டுக்காரன் எங்கள யாருன்னே தெரியாதுங்கான். அந்த மேப்பு இருக்கா? அதுல மட்டுந்தான் நாங்க அங்க இருந்தோம்னு இருக்கு."

சபூத் என்றால் சான்று. சார்ட் போனது பேச்சியம்மாளுக்குத் தெரியாததா? ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. "ஒங்க முன்னாலதானம்மா கிழிச்சாங்க" என்றேன். யார் யாரோ படம் எடுத்தார்களே என்று கேட்டாள். அன்றைக்கே பயந்துபோய் எல்லோரும் அழித்துவிட்டார்கள், நானும்தான். "ஆமா. நாந்தான கிழிக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, ஹாலில் கிடந்த டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது யாருக்கான அழுகை என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

செல்விதான் கேட்டாள். "சார், எனக்கு எல்லா வீடும் ஞாபகம் இருக்கு. நான் திரும்ப வரைஞ்சா செல்லுமா?"

செல்லாது. கணக்கு வாத்தியாருக்கு அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட வேண்டாம். செல்லாது என்றுதான் சொன்னேன். தலையை ஆட்டினாள். அதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். படிக்கட்டு குறுகல், தூக்கியவர்கள் திருப்ப முடியாமல் திணறினார்கள். செல்வி முன்னால் ஓடிப்போய், "லெஃப்ட்ல இடம் இருக்கு, அப்படியே சாய்ங்க" என்று வழி சொல்லிக்கொண்டே ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்கினாள். வண்டி கிளம்பும் முன் அவளைக் கூப்பிட்டு, "இருந்தாலும் வரை" என்றேன்.

டீச்சர், அது நிஜமா பொய்யா என்று நீங்கள் கேட்டது இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பெண் சார்ட் வாங்கப் போயிருக்கிறாள். இந்த முறை ஸ்கேலை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.