கட்டிலில் நின்ற சாரதிகள்

1. முற்றத்தில் மூன்று லொறி

டிஸ்பொனென்ட் கதிரையில் நான் உட்கார்ந்த முதல் நாளே மூன்று லொறிகள் முற்றத்தில் சும்மா நின்றன. எந்த லொறி எந்தச் சாரதியோடு எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பவன்தான் டிஸ்பொனென்ட். அதற்கு முன் நானும் அதே கொம்பனியில் பல வருடங்கள் லொறி ஓட்டியவன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள் அவை. ஜெர்மனியில் பான் நகருக்கு வெளியே எங்கள் முற்றம். லொறியில் ஓட்டத்தையும் ஓய்வையும் பதிகிற டாஹோவுக்குள் வட்டக் கடதாசி போட்ட காலம்.

ஒரு பெரிய மரக்கறிக் களஞ்சியத்தின் ஓட்டத்தை நம்பித்தான் கொம்பனி நடந்தது. திங்கட்கிழமை மூன்று லொறியும் அங்கே போய் நிற்காவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். ஒப்பந்தம் போனால் கொம்பனி நெடுநாள் தாங்காது, என் புதுக் கதிரையும் தாங்காது.

முதலாளி கோப்பிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் நின்றார். அவர் பேசியது ஜெர்மன். எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"ஆக்கள் இல்லை, சிவம். நாடு முழுக்க ஃபாரர்மாங்கல். பேப்பர்ல ஒவ்வொரு நாளும் போடுறாங்கள். நான் என்ன செய்யிறது?"

சாரதிப் பற்றாக்குறை என்பதற்கு ஜெர்மன்காரர் வைத்த பெயர்தான் ஃபாரர்மாங்கல். மழை, பனி மாதிரி வானத்திலிருந்து வருகிற சங்கதி என்றுதான் முதலாளி அதைப் பற்றிப் பேசுவார். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களை விட்டுப் போன தமிழ்ச் சாரதிகள் எல்லோரும் அதே நகரத்தில்தான் இருந்தார்கள். கோயில் திருவிழாவில் தேர் வடம் பிடிப்பார்கள். கல்யாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடுவார்கள். எல்லோருடைய பேர்சுக்குள்ளும் லொறி ஓட்டுகிற பத்திரம் பத்திரமாக இருந்தது.

அவர்களில் நல்ல கைக்காரன் ரவி. பின்னால் பார்க்காமலே லொறியை ராம்பையில், அதாவது சாமான் இறக்குகிற மேடையில், அளவாகக் கொண்டுபோய் ஒட்டுவான். இப்போது ஒரு பாண் சுடுகிற தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத்தான் முதலில் கோல் எடுத்தேன்.

"அண்ணை, எனக்கு வர விருப்பம்தான். ஆனா நான் சொல்ல ஏலாது. வீட்டை வந்து வசந்தியோட கதையுங்கோ" என்றான்.

வசந்தி அவன் மனைவி. பாடசாலைகளில் துப்புரவு வேலை செய்கிறவள். வாயும் கையும் ஒரே வேகத்தில் போகும்.

2. கட்டில்

அன்று பின்னேரமே போனேன். வசந்தி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தொடங்கிவிட்டாள்.

"சிவம் அண்ணை, நான் ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லுங்கோ. உங்கட கொம்பனியில கட்டில் இருக்கோ இல்லையோ?"

நான் ரவியைப் பார்த்தேன். அவன் கோப்பைக்குள் பார்த்தான்.

விஷயம் இதுதான். டாஹோவில் ஒரு சுவிச் இருக்கும். சுத்தியல் படத்தில் விட்டால் வேலை, கட்டில் படத்தில் விட்டால் ஓய்வு. களஞ்சியத்தில் ராம்பை கிடைக்கும்வரை காத்து நின்று, பிறகு சாரதியே சாமான் அடுக்கிய பலகைகளை இழுத்து இறக்க வேண்டும். முதுகு முறியும். அந்த நேரம் முழுவதும் சுவிச்சைக் கட்டிலில் விடச் சொல்வது முதலாளியின் கட்டளை. கடதாசியில் அவன் ஓய்வு எடுத்துவிட்டான், ஆகவே இன்னும் ஓடலாம். சட்டத்துக்கு மாறுதான். ஆனால் அப்போது பல இடங்களில் அப்படித்தான் நடந்தது. எங்கள் பெடியளும் அதைத் தங்கள் பேச்சாக்கி வைத்திருந்தார்கள். 'எங்க நிக்கிறாய்?' என்று கேட்டால் 'கட்டிலில நிக்கிறன்' என்பார்கள்.

வசந்திக்கு இது தெரியாது. மத்தியானம் கோல் எடுத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்பாள். மனுசன் மூச்சு வாங்கிக்கொண்டு 'கட்டிலில நிக்கிறன்' என்பான். லொறிக்குள் படுக்கை இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஆள் நல்லாய்ப் படுத்து எழும்புகிறார் என்று நினைத்து, வீட்டுக்கு வந்தவுடன் கடைக்கு அனுப்புவாள், பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகச் சொல்லுவாள்.

"பெற்றோர் கூட்டத்தில ரீச்சர் கதைச்சுக்கொண்டிருக்க இவர் குறட்டை விடுறார், அண்ணை! எனக்கு முகம் காட்ட ஏலாமப் போச்சு. பகல் முழுக்கக் கட்டிலில கிடந்திட்டு இஞ்சையும் நித்திரையோ எண்டு கார் நிப்பாட்டுற இடத்தில வைச்சுக் குடுத்தன். அப்பதான் இந்த மனுசன் சொல்லுது, அது கட்டில் இல்லையாம், சுவிச்சாம்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரவியும் சிரித்தான். வசந்தி சிரிக்கவில்லை. அவளுடைய கண் கலங்கியிருந்தது.

"சிரிக்காதேங்கோ. இந்த நித்திரையோட எத்தினை நாள் ஓட்டோபான்ல ஓடியிருப்பார்? பெருஞ்சாலையில ஒருக்காக் கண் மூடினா எனக்கு ஆர் இருக்கினம்? அதுதான் நிப்பாட்டினனான்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதே கட்டிலில் நானும் நின்றவன்தானே.

"என்ன செய்தா ரவியை விடுவாய், தங்கச்சி?"

"பலகை இழுக்கிற நேரம் சுத்தியல். கட்டில் எண்டா மனுசன் உண்மையாப் படுத்திருக்க வேணும். அவ்வளவுதான்."

3. பேரம்

முதலாளியிடம் சொன்னேன். தலையில் கை வைத்தார்.

"சுத்தியலில விட்டா ஒரு நாளில ஓட்டம் முடியாது, சிவம்."

"களஞ்சியம் எங்களுக்கு நேரம் குறிச்சுத் தந்து, தங்கட ஆக்களை வைச்சே இறக்கினால் முடியும்."

"அவங்கள் ஒருக்காலும் ஒத்துக்கொள்ளமாட்டாங்கள். வேணுமெண்டாக் கேட்டுப் பார்."

கேட்டேன். கோலில் களஞ்சியத்தின் மேலாளர் எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தார். "எல்லா இடத்திலயும் சாரதிதான் இறக்கிறான். உங்களுக்கு ஏலாட்டி வேற கொம்பனி இருக்கு."

முதலாளி எனக்கு எதிரே நின்று, வேண்டாம் விடு என்று கையைக் காட்டினார். நான் விடவில்லை. பற்றாக்குறை பற்றாக்குறை என்று இவ்வளவு காலமும் எங்களை அழவைத்த சாமானை ஒருமுறை நாங்களும் எடுத்துப் பாவிப்போமே என்று தோன்றியது.

"தாராளமாப் பாருங்கோ. ஆனால் நாடு முழுக்கச் சாரதி இல்லையாம். எங்கையாவது சந்திச்சா எங்களுக்கும் இரண்டு பேரை அனுப்பிவிடுங்கோ. என்னட்ட ஆள் இருக்கு. உங்கட ராம்பைக்கு வரத்தான் மாட்டன் எண்டு நிக்கினம்."

மேலாளர் பிறகு கோல் எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார். முதலாளி என்னோடு கதைக்காமல் கோப்பி குடிக்கப் போனார். நான் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கோல் வந்தது. மேலாளரும் மற்றக் கொம்பனிகளை எல்லாம் கேட்டுப் பார்த்திருக்கிறார், எல்லோரும் அதே பாட்டைத்தான் பாடியிருக்கிறார்கள். எங்கள் மூன்று லொறிக்கும் குறித்த நேரம் தந்தார். பலகைகளைத் தங்கள் ஆட்களே இழுப்பார்கள் என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை முதல் லொறியை ரவி எடுத்தான். வசந்தியே தன் சிநேகிதிகளான மற்றச் சாரதிகளின் மனைவிமாருக்குச் சொல்லியிருந்தபடியால் மற்ற இரண்டுக்கும் ஆள் தானாக வந்தது. அந்தக் கிழமை முடிய முன் இன்னொரு பெண் கோல் எடுத்தாள்.

"அண்ணை, இவருக்கும் உங்கட இடத்தில ஒரு லொறி கிடைக்குமோ?"

"இல்லைத் தங்கச்சி. ஆக்கள் இருக்கினம், லொறிதான் இல்லை."

ரெலிபோனை வைத்துவிட்டு முதலாளிக்கு அதை ஜெர்மனில் சொன்னேன். அவர் இன்னொருதரம் சொல்லச் சொன்னார்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வயது போனவர்கள் ஓய்வு பெறுவதும், இளசுகள் குறைவாக வருவதும் உண்மைதான். ஆனால் ஆள் இல்லை என்று ஒரு கொம்பனி அழுதால் உடனே நம்பிவிடாதீர்கள். அங்கிருந்து போனவர்களின் வீட்டுக்குக் கோல் எடுங்கள். மனைவிமார் எடுத்தால் இன்னும் நல்லது, காரணத்தை ஒளிக்காமல் சொல்வார்கள்.