மேல்துணிக்குள் ஏறிய பஞ்சு

தைத்து முடித்த மெத்தையின் மேல் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை ஓட்டுகிறார் மெத்தைக்காரர். பாதி வழியில் கை நின்றுவிடுகிறது. "தட்டுது" என்கிறார். கடலை அளவுக் கட்டிதான். அதற்காக முழுத் தையலையும் பிரித்து, பஞ்சை மறுபடி உதறி அடைப்பார். எதிரே உறை தைக்கும் மனைவி மெஷினை நிறுத்தாமலே, "கொழுப்பு. வேற என்ன?" என்பாள். முப்பது வருஷமாக அதே வார்த்தை.

ஊரார் மெத்தையில் ஒரு கட்டியைப் பொறுக்காத இந்த மனிதருக்கு இடது இடுப்பில் கொத்தாக ஒன்பது கட்டிகள். பத்து வயதில் இரண்டாக இருந்தவை. மெத்தென்று, வலியில்லாமல், தோல் நிறத்திலேயே இருக்கும். அங்கே மனைவியின் கையைக்கூட அண்டவிட்டதில்லை. பேசும்போதெல்லாம் பனியனைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்வதும் அதனால்தான். இந்த வருஷம் பத்தாவது முளைத்தது. மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணனைக் கொண்டுபோனதும் கழுத்தில் வந்த ஒரு கட்டிதான்.

டாக்டரம்மா ஒரு துணுக்கு வெட்டிச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். "இதே மாதிரி வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"அப்பாவுக்கு இல்ல. சித்தப்பா ரெண்டு பேருக்கும் இல்ல. பெரிய அத்தைக்கு மூக்குல ஒரு மரு. அதை அழகுன்னு சொல்லிக்கும்."

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டு, "பயப்பட ஒண்ணுமில்லைங்க, புற்று கிடையாது. வெறும் கொழுப்பு" என்றார்.

"நான் சொன்னா கேட்டீங்களா?" என்ற, கூட வந்திருந்த மனைவிக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது.

"இத்தனை வருஷத்துல இந்த மாதிரிக் கட்டியோட நான் பாக்குற ரெண்டாவது ஆள் நீங்க. வாங்க, காட்டுறேன்" என்றார் டாக்டரம்மா.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர் எடுக்கவேயில்லை. ரோஸ் நிற நூல்கள் பின்னிப் பின்னி ஓடின. அவற்றின் நடுவே நுரை நுரையாய் வெள்ளை வட்டங்கள்.

"அந்த வெள்ளையெல்லாம் கொழுப்பு இருந்த இடம். தோலுக்கு அடியில இருக்க வேண்டியது, உங்களுக்குத் தோலுக்குள்ளயே ஏறி உக்காந்திருக்கு."

"பஞ்சு மேல்துணிக்குள்ள ஏறின மாதிரி."

"அதேதாங்க. அப்படியே விட்டுடலாம். வேணும்னா எடுத்துக்கலாம்."

"ஒரு இழைகூட அறுபடலியே" என்றார், குரல் தாழ்ந்து. "நாம அடைச்சிருந்தா துணி கிழிஞ்சிருக்கும்."

மறுநாள் மெத்தையைப் பாதியில் விட்டு எழுந்தார். மனைவியின் அருகே போய்ப் பனியனைத் தூக்கினார். துணியைத் தள்ளிக்கொண்டிருந்த அவள் கையை எடுத்துத் தன் இடது இடுப்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"தட்டுதா?"

மெஷின் நின்றது. அவள் உள்ளங்கை மெல்ல, ஒவ்வொன்றாக, பத்தின் மேலும் ஓடியது.