ஆறு மாதம் வளர்ந்த நகம்

நாயின் நகத்தைப் பற்றியெல்லாம் ஒருவன் எழுதுவானா என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நான் படித்தது பத்தாவது வரை. பயிர்க் காப்பீட்டுப் படிவத்தைத் தவிர உட்கார்ந்து எதையும் எழுதியதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவும் வராது. பேச வேண்டிய இடத்தில் பேசாமல் போனதால் வந்த வினை இது. எழுதத் துணிந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கம். வீட்டில் நானும் மனைவியும் ஒரு நாட்டு நாயும். உடம்பு செம்பட்டை, நகங்கள் மட்டும் கறுப்பு. நான் மண்வெட்டியை எடுத்தாலே எழுந்துவிடும். வரப்பில் எனக்கு முன்னால் ஓடி, திரும்பிப் பார்த்து, மறுபடி ஓடும்.

போன ஆவணியில் பக்கத்து வயல்காரர் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மடையைத் திறக்க ஓடினேன். வரப்பைச் சுற்றிப் போகப் பொறுமையில்லை. அவருடைய நாற்றங்காலின் மூலையில் இறங்கிக் குறுக்கே நடந்தேன். நாயும் பின்னாலேயே வந்தது. முளைத்து நாலைந்து நாளே ஆன நாற்று, சேற்றோடு அமுங்கிவிட்டது. என் கால் பட்ட இடங்களில் சேறு மூடிக்கொண்டது. நாயின் தடம் மட்டும் அச்சுப் போலத் தெரிந்தது.

அன்று டீக்கடையில் அவர் சத்தம் போட்டார். "யாரு வூட்டு நாயி அது? நாத்தங்கால்ல பூந்து சதிராடிட்டுப் போயிருக்கு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது வேறு. "நம்ம நாயிதாண்ணே. கட்டிப் போட்டுடுறேன்."

"மொதல்ல அதச் செய்யிங்க தம்பி" என்றார்.

வீட்டு முன்பக்கச் சிமெண்ட் தரையில் சங்கிலியால் கட்டினேன். நான் மண்வெட்டியை எடுக்கும்போதெல்லாம் அது எழுந்து நின்றது. சில நாள் கழித்துக் கொல்லைப்பக்கமாகப் போக ஆரம்பித்தேன். நாற்றுப் பறித்தார்கள், நடவு முடிந்தது, அறுவடையும் முடிந்தது. அவிழ்த்து விடலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பழைய பேச்சு வருமே என்று பயந்து கேட்கவில்லை. நாய் நடந்தால் தரையில் டக் டக் என்று சத்தம் வரத் தொடங்கியது. அது என்ன சத்தம் என்று நான் பார்க்கவில்லை.

மாசியில் ஒரு காலை மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இந்தக் கால வந்து பாருங்க. தூக்கித் தூக்கி வைக்குது."

"முள்ளு குத்தியிருக்கும்."

"கட்டிப் போட்ட எடத்துக்கு முள்ளு நடந்தா வந்துச்சு?"

குனிந்து பார்த்தேன். முன்னங்காலின் உட்பக்கம், தரையில் படாமல் மேலே இருக்கும் ஐந்தாவது நகம் வளையம் போலச் சுருண்டு சதையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்ற நகங்களும் நீண்டு, விரல்கள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன.

மோட்டார் ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தேன். எவ்வளவு வெட்டலாம் என்று தெரியாது. கறுப்பு நகத்துக்குள் எதுவும் தெரியவில்லை. முதலில் முன்னங்கால் விரல் நகம் ஒன்றைப் பிடித்து ஒரே அழுத்து. நாய் அலறியது. ரத்தம் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அது என்னைக் கடிக்கவில்லை. சுவரோடு ஒடுங்கி மூத்திரம் பெய்துவிட்டது. கடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மனைவி பழைய வேட்டித் துணியை மடித்து அந்த விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் நின்றதும் கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனேன். அங்கே எல்லாம் மாடும் ஆடும். கன்றுக்குட்டியோடு நின்றிருந்த ஒருவர், "நகம் வெட்டவா? அப்படியே பாலிஷும் போட்டுட்டுப் போங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மருத்துவர் ஒரு பெண். காலைத் தூக்கிப் பார்த்தார். "எத்தன மாசமாக் கட்டிக் கெடக்கு?"

"ரெண்டு மாசம் இருக்கும் மேடம்."

"ரெண்டு மாசத்துல இப்படிச் சுருளாதுங்களே."

நான் தரையைப் பார்த்தேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. சுருண்ட நகத்தை அதற்கான கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, மற்ற நகங்களை எப்படி வெட்டுவது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நகம் நீள நீள உள்ளே இருக்கும் ரத்தக்குழாயும் நரம்பும் கூடவே நீளும். அதனால் ஒரே நாளில் குட்டையாக்க முடியாது. நுனியில் மெல்லிசாகச் சீவிச் சீவி எடுக்க வேண்டும். வெட்டிய இடத்தின் நடுவில் ஈரமாக ஒரு புள்ளி தெரிந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும். வாரம் ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் உள்ளே இருப்பதும் பின்வாங்கும்.

"இந்த மேல்நகம் எப்பவும் தேயாது, நீங்கதான் பாத்துக்கணும். மத்ததெல்லாம் நடந்தாலே தேஞ்சிரும். அவுத்து விடுங்க, அதுதான் வைத்தியம்."

அன்று சாயங்காலம் நாயைச் சங்கிலியோடு வயல் பக்கம் கூட்டிப் போனேன். நொண்டிக்கொண்டே வந்தது. பக்கத்து வயல்காரர் தன் உளுந்து வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லாவிட்டால் இந்தச் சங்கிலி கழலாது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"அண்ணே, அன்னைக்கு நாத்த மிதிச்சது நாயி இல்ல. நாந்தான் குறுக்க நடந்தேன். அது என் பின்னால வந்துச்சு."

அவருக்கு உடனே விளங்கவில்லை. "எந்த நாத்து?"

"ஆவணில."

"அதுக்கா இத இன்னும் கட்டியே போட்டுருக்கீங்க?" என்று சிரித்தார். பிறகு நாயின் கால்களைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "நாத்துப் பறிக்கிற வரைக்குந்தானே தம்பி நாயக் கட்டச் சொல்வாங்க? ஊரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க அவுக்கச் சொல்லலயேண்ணே."

நாற்றை மிதித்ததைவிட, பொய் சொன்னதைவிட, இந்த வார்த்தைக்காகத்தான் நான் இன்றும் வெட்கப்படுகிறேன். அதையும் அவர் தலையில் போடப் பார்த்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து நாயின் தலையைத் தடவிவிட்டு, "உளுந்து பூத்திருக்கு, ஓரமாக் கூட்டிப் போங்க" என்று மட்டும் சொன்னார். நான் அங்கேயே சங்கிலியைக் கழற்றினேன். நாய் ஓடவில்லை. என் காலுக்குப் பின்னால் நின்றது.

மறுநாள் காலை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனேன். கட்டாமல் கிடந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. எழுந்து வரவில்லை.