தேன்சிட்டு வராத வருஷங்கள்

முதலில் சில்வண்டுதான். ஜூன் மாதம், இரண்டு நாள் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. என் கணவர் பின்வாசல் படியில் காபியோடு உட்கார்ந்து தோட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "என்னம்மா இது, இவ்ளோ மழை பெஞ்சும் சில்வண்டு ஒண்ணுகூட கத்தல?" என்றார்.

கொய்யா மரத்தடியிலும் கருவேப்பிலைப் புதரிலும் சில்வண்டுகள் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை.

"ஆமா, காணல" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. வாயில் வந்துவிட்டது. ஆனால் அடுத்த நாளும் அதையேதான் சொன்னேன், அப்போது யோசித்துத்தான் சொன்னேன்.

அவர் ஹைதராபாத் சனத்நகர் தொழிற்பேட்டையில் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவர். அந்த ஷாப்பில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது. நெருங்கிய நண்பர் ஒருவர் தன் மகள் கல்யாணத்தில், யார் என்ன சொன்னாலும் சிரித்துத் தலையாட்டிக்கொண்டே நின்றார். தன் வீட்டில் நடந்த சாவைச் சொன்னவரிடமும் சிரித்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "கையோ காலோ போனாலும் பரவால்ல. இது மட்டும் நக்கோ, வேணாம்" என்றார். ரிட்டையர் ஆன அன்று என்னிடம் அவர் பெருமையாகச் சொன்ன ஒரே விஷயம், "நான் தப்பிச்சுட்டேன்" என்பதுதான்.

அதை எப்படி உடைப்பது?

பேட்டைக்குப் பின்பக்கம் நூற்றிருபது கஜ மனையில் எங்கள் வீடு. வீடு போக மிச்சமிருந்த இடத்தில் கொய்யா, கருவேப்பிலை, இரண்டு செம்பருத்தி, ஒரு சீத்தா மரம். அவர் குடும்பம் மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கிறது. நான் அம்பாசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்த புதிதில் இந்த ஊரில் எனக்கு வெயில் ஒன்றுதான் தெரிந்தது. உகாதிக்குள் வேம்பு பூத்துவிடும், சீத்தாப்பழம் கண் திறந்தால் மழை முடிந்தது, குளிர் தொடங்கினால் வாலாட்டிக் குருவி மொட்டைமாடிக்கு வரும் என்பதெல்லாம் அவரோடு இருந்து பழகியவை. அடுக்களையில் தொங்கும் தெலுங்கு காலண்டரின் கட்டங்களில், கோணல்மாணலான தமிழ் எழுத்தில் அவர் குறித்து வைப்பார். முதல் குயில். முதல் தவளை. ஈசல். கல்மழை.

அவர் பறவையைக் கண்ணால் தேடியதே இல்லை. சத்தம் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம்தான் கண் போகும். சத்தம் நின்றுபோனதால் பார்ப்பதும் நின்றுபோனது. அடுத்த வருஷம் ஜனவரியில் கட்டத்தில் எழுதினார்: தேன்சிட்டு வரவில்லை. செம்பருத்தியில் அது தினமும் வந்துபோனது. அதற்கடுத்த வருஷம் தையல்சிட்டும் வரவில்லை என்று எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்ப்பார். நானும், "நானும் கேக்கல" என்பேன்.

என் பேச்சு மட்டும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் கட்டைக் குரல். தவிர, எதிரே வந்து நின்று, முகம் பார்த்து, சத்தமாகப் பேச நானே பழகிக்கொண்டேன். பெங்களூரிலிருக்கும் மகள் போனில், "அப்பாக்கு சரியா கேக்கலயாம்மா?" என்றாள். "இங்க சிக்னல் இல்ல" என்றேன்.

பொய் வீட்டுக்குள்ளேயே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பறவைகள் ஏன் போய்விட்டன என்று அவர் காரணம் தேட ஆரம்பித்தார். முதலில் பேட்டையின் புகை. பிறகு எதிரில் எழுந்த அபார்ட்மெண்ட். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மா.

அந்த அம்மா ரிட்டையரான தெலுங்கு டீச்சர், தனியாக இருந்தார். இருபது வருஷமாக மதில் வழியாகக் குழம்பும் பச்சடியும் எங்களுக்குள் போய் வந்துகொண்டிருந்தன. அந்த ஏப்ரலில் கரண்ட் கம்பியில் உரசுகிறதென்று தன் வீட்டு வேம்பின் இரண்டு கிளைகளை வெட்டச் சொன்னார். என் கணவர் மதிலருகே போய்க் கத்தினார். "உங்களாலதான் ஒரு பட்சி இல்ல. மரத்த வெட்டிட்டீங்க, மருந்து அடிக்கிறீங்க, எல்லாத்தையும் வெரட்டிட்டீங்க!"

அந்த அம்மா திகைத்துப்போனார். "உன்னாயி கதா அன்னா" என்றார். இருக்கின்றனவே அண்ணா என்று. "காலைல எல்லாம் கத்துதே. இப்பகூட, அதோ."

அப்போதும் வேம்பின் மிச்சக் கிளையில் கொண்டைக்குருவி கத்திக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு. கேக்குதா?"

அந்த அம்மாவும் என்னைத்தான் பார்த்தார்.

"இல்ல" என்றேன்.

அந்த அம்மாவின் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை. கோபமில்லை. ஏதோ புரிந்ததுபோல ஒரு கணம் என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் மதில் வழியாக ஒரு கிண்ணம்கூட வரவில்லை.

தெரிந்தது ஒரு ஜனவரி காலையில். பனி விலகிக்கொண்டிருந்த நேரம். அவர் குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கையெட்டும் தூரத்தில் செம்பருத்திக் கிளையில் ஓர் ஆண் தேன்சிட்டு வந்து உட்கார்ந்தது. வெயில் பட்டு கழுத்து ஊதாவாக மின்னியது. அவர் மகிழ்ந்துபோய் என் தோளைத் தட்டினார். "பாத்தியா, வந்துடுச்சு! இத்தனை வருஷம் கழிச்சு!"

அப்போது அது அலகைத் திறந்து கத்த ஆரம்பித்தது. உடம்பு முழுக்க அதிர, வாலை ஆட்டி, விடாமல் கத்தியது. அவர் அதன் திறந்த வாயையும் துடிக்கிற தொண்டையையும் பார்த்துக்கொண்டே நின்றார். பற்பசை நுரை தாடையில் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"அது கத்துதா?" என்று கேட்டார்.

தலையாட்டினேன்.

"சத்தமாவா?"

"ஆமாங்க."

குழாயை மூடினார். "சில்வண்டு?"

"அதுவும் கத்தத்தான் செஞ்சுது."

"அந்த முதல் வருஷத்துலேந்தா?"

அவர் என் முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளப் பழகியிருந்தார், அவருக்கே தெரியாமல்.

"கைக்கு சொல்லல?" என்றார். ஏன் என்று கேட்க அவருக்கு எப்போதும் அந்தச் சொல்தான் வரும். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டார். "நாலு வருஷம். நான் என்னென்னமோ எழுதிக்கிட்டு... நீ பக்கத்துலயே நின்னுக்கிட்டு..."

"உங்களுக்குக் கஷ்டமாயிருக்கும்னு" என்றேன். சொல்லும்போதே அது பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. கஷ்டப்படும் அவரைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அதுதான் மீதி.

குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். கதவைத் திறந்த அந்த அம்மாவிடம் கைகூப்பி, "எனக்குக் காது போயிடுச்சும்மா. பட்சி எங்கயும் போகல. மன்னிச்சுடுங்க" என்றார். அந்த அம்மா, "ஐயோ அன்னா" என்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனார். டீ போட்டுக் கொடுத்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. ஆனால் என் பக்கம் அந்த அம்மாவின் முகம் திரும்பவே இல்லை.

மகள் வந்து கூட்டிக்கொண்டு போய் காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அதைப் போட்டால் குக்கர் விசில், ஸ்கூட்டர், பாத்திரம் விழுகிற சத்தம் எல்லாம் தலைக்குள் வந்து மோதுகிறது என்றார். "பழைய ஷாப்புக்கே திரும்பப் போன மாதிரி இருக்கு." ஒரு மழை முடிந்த சாயங்காலம், அதை மாட்டிக்கொண்டு வெகுநேரம் படியில் உட்கார்ந்திருந்தார். சில்வண்டு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், அந்த மாதிரி மெல்லிய கூர்மையான சத்தங்கள் போனால் போனதுதான் என்று. மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

எங்களுக்குள் சண்டை ஒன்றுமில்லை. நான் வைப்பதைச் சாப்பிடுகிறார். எனக்கு முட்டி வலித்தால் தைலம் தேய்த்துவிடுகிறார். ஆனால் கேட்டதா, வந்ததா என்று என்னிடம் ஒருநாளும் கேட்பதில்லை. காலையில் மதிலருகே போய் நின்று, பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்கிறார். அவர் பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, நிதானமாகக் கைச்சாடையோடு சொல்கிறார்.

இந்த வருஷம் மார்ச் தொடக்கத்திலேயே வெயில் ஏறிவிட்டது. ஒரு காலை அரிசி களைந்துகொண்டிருந்தபோது முதல் குயில் கூவியது. ஒரு தரம், கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு தரம். கையில் ஈரத்தோடு பின்வாசலுக்கு ஓடினேன். அதற்குள் அவர் மதிலிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"குயில் வந்துடுச்சாம். டீச்சரம்மா சொன்னாங்க" என்றார்.

"நானும் கேட்டேன்" என்றேன்.

தெருவில் யாரோ நேரம் சொன்னால் தலையாட்டுவதுபோல ஆட்டிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.