பிரியாணித் தூக்கோடு மாடியேறிய ஸ்பெயின் ஒயின்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் கீழ்ப்போர்ஷனில் குடியிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள். மாடியில் வீட்டுக்கார பாய். தோல் வியாபாரி, தங்கமான மனுஷர். குடிவந்தபோது ஒரே நிபந்தனைதான் போட்டார்: “பாட்டில் மட்டும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது தம்பி.” எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒரு பீருக்காகக் கட்டில் பீரோவோடு கிளம்ப வேண்டியதாகிவிட்டது. மகளின் பள்ளிக்கூடமோ அடுத்த தெரு. அந்த வீட்டை இழக்க எனக்குத் தெம்பில்லை.

இந்த லட்சணத்தில்தான், குரோம்பேட்டையில் நான் வேலை பார்த்த தோல் ஏற்றுமதிக் கம்பெனிக்கு வந்த ஸ்பெயின்காரர், தங்கள் ஊர் ரியோஹா வட்டாரத்துச் சிவப்பு ஒயின் ஒன்றை என் கையில் திணித்தார். ஓக் மரப் பீப்பாயில் கிடந்து முதிர்ந்ததாம். செர்ரிப் பழமும் வெனிலாவும் லேசாகப் புகையிலையும் மணக்குமாம். இனிப்பு மருந்துக்கும் கிடையாது. நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுக்கும் துவர்ப்பு. “நீங்கள் தோலைப் பதப்படுத்த மரப்பட்டைச் சாறு போடுகிறீர்களே, அதிலிருக்கும் அதே துவர்ப்புதான்” என்று கண்ணடித்தார். மீனோடு குடித்தால் இரும்பை நக்கியது போலிருக்குமாம். ஆக, கோவளத்து வஞ்சிரத்துக்கு ஆகாது. ஆட்டுக்கறிதான் அதற்குச் சரியான ஜோடி. கறியின் கொழுப்பு பட்டதும் துவர்ப்பு அடங்கி மெத்தென்று ஆகிவிடுமாம்.

வேண்டாமென்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. மனைவியிடம் சொல்லவும் இல்லை. பரணில் பழைய குக்கருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

பக்ரீத் வந்தது. மாடியிலிருந்து ஒரு தூக்கு நிறைய மட்டன் பிரியாணியும் வந்தது. மூக்குப் பிடிக்கத் தின்று, தூங்கி எழுந்து, “தூக்கைக் குடுத்திட்டியா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“குடுத்திட்டேங்க. நல்ல நாள்ல வெறும் தூக்காவா குடுப்பாங்க? பரண்ல ஒரு ஃபாரின் ஜூஸ் இருந்துச்சு. அதையும் சேர்த்துக் குடுத்தேன்.”

பரணில் குக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், காலி. “அடிப்பாவி, அது ஒயின்!”

“லேபிள்ல திராட்சைக்கொத்துதானே போட்டிருக்கு?” என்றவள் முகம் வெளுத்தது. அடுத்த கணமே சுதாரித்துக்கொண்டாள். “ஒளிச்சு வெச்சது நீங்க. வாங்கிட்டு வர வேண்டியதும் நீங்கதான்.”

படியேறினேன். நடுவழியில் ஒரு பொய் தயாரித்தேன். சொந்தக்காரர்கள் நிறைந்த ஹாலில் கண்ணாடி டம்ளர்களை வரிசையாக வைத்திருந்தார்கள். “ஐஸ் எங்க?” என்றது ஒரு குரல். பாட்டிலைத் திறக்கப்போகிறார்கள் என்றே நினைத்தேன்.

பாய் வாசலுக்கு வந்தார். “என்ன தம்பி, முகமே சரியில்ல?”

“அந்தப் பாட்டில் பாய்... தப்பா வந்திருச்சு. அது முட்டிவலித் தைலம். குடிச்சா ஆபத்து.”

“அப்படியா?” அவர் சிரிக்கவேயில்லை. “எனக்கும் முட்டி வலிதான். கொஞ்சம் தேய்ச்சு விடுங்களேன்.”

நான் குனிந்தே விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது: பாட்டில் கைக்கு வராமலே அவர் முட்டியைப் பிடித்துவிட்டேன்.

“எந்திரிங்க தம்பி.” செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய பாட்டிலை எடுத்து நீட்டினார். கார்க் அப்படியே இருந்தது. “வெளிநாட்டுக்காரனுக்குத் தோல் விக்கிறவன்கிட்ட தைலம்ங்கிறீங்களே. இத எத்தனை பேர் என்கிட்டயும் நீட்டியிருப்பாங்க! பாவம், தங்கச்சி தெரியாம குடுத்திருக்கு. இத இப்பவே வெளிய கொண்டுபோயிடுங்க.” கதவைச் சாத்தப்போனவர் மறுபடி திறந்தார். “அடுத்த பக்ரீத்துக்குத் தூக்குல ஒரு சீப்பு வாழைப்பழம் போதும், என்ன?”

உள்ளே டம்ளர்களில் ரோஸ்மில்க் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

மனைவி கடைசிப் படியில் காத்திருந்தாள். “வீடு இருக்கா, போச்சா?”

“அடுத்த பக்ரீத்துக்கு வாழைப்பழம் கேட்டிருக்காரு” என்றேன்.